தள்ளாடாத கால்கள்

பெங்களூரு ஓசூர் சாலையில், நிமான்ஸ் மருத்துவமனை வளாகத்துக்குள், மூளைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சாடிகளில் வரிசையாக வைத்திருக்கும் மூளைகளை எட்டி நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதில்லை. கையுறை மாட்டிக்கொண்டு ஒன்றைக் கையில் வாங்கியும் பார்க்கலாம். ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேலே கனக்கும். பதப்படுத்தும் திரவத்தில் ஊறி ரப்பர் மாதிரி இறுகியிருக்கும். உயிருள்ள மூளையோ கெட்டித் தயிரைப் போலக் குழைவானது.

கையில் இருப்பது பதினாறு வயதுப் பையனின் மூளையா, நாற்பது வயது ஆளின் மூளையா என்று அந்தக் கனத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. மூளை ஆறு வயதுக்குள்ளேயே தன் முழு அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. சுவர் எழும்பி, கூரையும் போட்டாகிவிட்டது. வயரிங் வேலைதான் இருபதுகளின் நடுப்பகுதி வரை இழுத்துக்கொண்டே போகிறது.

அந்த வயரிங் வேலையில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. நரம்பணுக்களுக்கு இடையே குழந்தைப் பருவத்தில் தாறுமாறாகக் கிளைத்த இணைப்புகளில் பயன்படாதவை கழிக்கப்படுகின்றன. முருங்கை மரத்தைக் கவாத்து செய்வது மாதிரி. மிஞ்சியவற்றின் மேல் மயலின் என்ற கொழுப்புறை படிந்து, செய்தி ஓடும் வேகம் கூடுகிறது. ஜே கீட் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் குழந்தைகளையும் பதின்ம வயதினரையும் மீண்டும் மீண்டும் எம்.ஆர்.ஐ. எடுத்து, 1999இல் இந்தக் கவாத்து வேலை பதின்ம வயதில் நடப்பதைக் காட்டினார்கள். வேலை பின்மண்டையில் தொடங்கி முன்னோக்கி வருகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் முறை கடைசியில்தான் வரும். 'வேண்டாம், போதும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்றெல்லாம் சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

இதுவரை சொன்னதை உடல்நலக் கையேடுகள் எல்லாமே சொல்லிவிடும். முன்மூளை முதிரவில்லை, ஆகவே குடிக்காதே. பதினேழு வயதுப் பிள்ளை இதைக் கேட்டு நம்பாததற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. அவன் குடித்துப் பார்த்திருக்கிறான், ஒன்றும் ஆகவில்லை. கூட இருந்த முப்பது வயது அண்ணன் மட்டையாகிவிட்டார்; இவன்தான் அவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றி அனுப்பினான். 'சின்னப் பையனா இருந்தாலும் கெப்பாசிட்டி ஜாஸ்தி' என்று பாராட்டு வேறு. இந்த அத்தியாயம் அந்த கெப்பாசிட்டியைப் பற்றியது.

பெங்களூரில் கன்னடப் பையன்கள் சரக்கை 'எண்ணெ' என்பார்கள். நம் எண்ணெயேதான். எந்த மொழியில் எந்தப் பெயர் வைத்தாலும் பாட்டிலுக்குள் இருக்கும் எத்தனால் மூளையில் செய்கிற முக்கிய வேலை இரண்டு. நரம்பணுக்களை அடக்கிவைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் கையை ஓங்கவைக்கிறது; தூண்டிவிடும் குளூட்டமேட்டின் கையைக் கட்டுகிறது. அதனால் கூச்சம் விலகுகிறது, பேச்சு பெருகுகிறது. பிறகு நாக்கு குழறுகிறது, கால் பின்னுகிறது, கண் செருகுகிறது. கடைசி மூன்றையும் நாம் கேவலமாகப் பார்க்கிறோம். உண்மையில் குடிக்கிறவனுக்கு உடல் கொடுக்கும் காவல் அவைதான். தூக்கம் வந்தால் கை கோப்பையை வைத்துவிடும். கால் பின்னினால் வண்டிச் சாவியை யாராவது பிடுங்கிக்கொள்வார்கள்.

1990களில் லிண்டா ஸ்பியர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் ஆய்வகத்தில் வெவ்வேறு வயது எலிகளுக்கு ஒரே விகிதத்தில் எத்தனால் கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ந்த எலிகள் சுருண்டு படுத்து நெடுநேரம் எழவில்லை. விடலைப் பருவத்து எலிகள் சீக்கிரமே எழுந்துவிட்டன. எழுந்தபோது அவற்றின் மூளையில் இருந்த எத்தனால் பெரிய எலிகளுக்கு இருந்ததைவிட அதிகம். அப்படியானால் சரக்கு வேகமாகக் கரைந்து எழவில்லை. சரக்கு உள்ளே இருக்கும்போதே எழுந்துவிட்டன. இளம் மூளை அந்த ஒரே அமர்வுக்குள்ளேயே மயக்கத்துக்குப் பழகிக்கொள்கிறது.

மனிதப் பிள்ளைகளுக்கு இப்படி ஊற்றிக் கொடுத்துப் பார்க்க இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. ஒரு காலத்தில் அனுமதித்தார்கள். 1983இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில் எட்டிலிருந்து பதினைந்து வயதுக்குட்பட்ட பையன்களுக்கு, பெரியவர்களுக்குப் போதையேற்றும் விகிதத்தில் மது கொடுக்கப்பட்டது. ஆய்வாளர்களை வியக்கவைத்தது, பையன்களின் நடத்தையில் பெரிதாக எந்த மாற்றமும் தெரியாததுதான். படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. ஆனால் ஆட்டோ ஏற்றிவிட்ட பையனின் பெருமைக்கு விளக்கம் அங்கேதான் கிடைக்கிறது. அவனுக்குக் கெப்பாசிட்டி கூடுதலாக இருந்ததென்று இல்லை. அவன் உடம்பில் காவல்காரன் இன்னும் வேலைக்குச் சேரவில்லை.

சரி, தள்ளாடவில்லை, எல்லாவற்றையும் தாங்கினானா? மூளையில் ஹிப்போகாம்பஸ் என்றொரு பகுதி இருக்கிறது. இன்று நடந்ததை நாளைக்கு நினைவிருக்கும்படி எழுதிவைக்கும் கணக்குப்பிள்ளை அது. டியூக் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஸ்வார்ட்ஸ்வெல்டரும் கூட்டாளிகளும் எலிகளின் ஹிப்போகாம்பஸ் சீவல்களில் எத்தனாலை விட்டுப் பார்த்தபோது முடிவு தலைகீழாக இருந்தது. மயக்கத்தை எளிதாகத் தாங்கிய இளம் மூளை, நினைவை எழுதுவதில் பெரிய மூளையைவிடச் சீக்கிரம் முடங்கியது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நடக்கிறான், பேசுகிறான், வண்டியைக்கூட ஸ்டார்ட் செய்கிறான். எழுதிவைப்பவன் மட்டும் பேனாவை மூடிவிட்டான். மறுநாள் காலையில் முந்தின இரவின் இரண்டு மணி நேரம் வெட்டியெடுத்த பிலிமைப் போலக் காணாமல் போயிருக்கும். ஆங்கிலத்தில் இதற்கு 'பிளாக் அவுட்' என்று பெயர். மட்டையாவதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மட்டையானவன் கிடக்கிறான், ஊருக்கே தெரியும். பிளாக் அவுட்டில் இருப்பவன் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறான். 2002இல் டியூக் மாணவர்கள் 772 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில், குடித்த அனுபவமுள்ளவர்களில் 51 சதவீதம் பேர் ஒருமுறையாவது இப்படி ஆனதாகச் சொன்னார்கள். அந்த நேரத்தில் தாங்கள் வண்டி ஓட்டியது, சண்டை போட்டது, உடலுறவு கொண்டது எல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரியவந்தது என்றவர்களும் அதில் உண்டு.

இப்போது கொஞ்சம் கணக்கு. 'பீர்தானே, என்ன செய்யும்' என்பது பெங்களூரில் காதுக்குப் பழகிப்போன வாக்கியம். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் பாட்டிலில் எட்டு சதவீதம் எத்தனால் என்று வைத்துக்கொள்வோம். 52 மில்லி, எடையில் சுமார் 41 கிராம். நம் நாட்டு விஸ்கி, பிராந்தி, ரம் எல்லாம் 42.8 சதவீதம். ஒரு ஸ்மால், அதாவது 30 மில்லியில் 10 கிராம் இருக்கும். ஆக ஒரு ஸ்ட்ராங் பீர் நான்கு ஸ்மாலுக்குச் சமம். ஒரு குவாட்டர் ஆறு ஸ்மால். ஐம்பது கிலோ எடையுள்ள பையன் வெறும் வயிற்றில் அந்த ஒரு பீரை மடமடவென்று குடித்தால், அவன் ரத்தத்தில் 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் வரை ஏறலாம். மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்ட அனுமதிக்கும் எல்லை 30.

இறங்குவதற்குக் குறுக்குவழி கிடையாது. கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் குறைக்கும். இரவு பத்து மணிக்கு முடித்தவன் காலை ஆறு மணிக்குத்தான் சுத்தமாகிறான். மோர், எலுமிச்சை, குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளியல் எதுவும் இந்தக் கணக்கை ஒரு நிமிடம்கூட மாற்றாது. கடைசி மடக்குக்குப் பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டுதான் இருக்கும் என்பதால், விழுந்து கிடப்பவனை 'தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்' என்று மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுப் போவதுபோல ஆபத்தான நட்பு வேறில்லை. வாந்தி மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கூடவே இருந்து, எழுப்பியும் எழவில்லையென்றால் 108ஐக் கூப்பிட வேண்டும். போலீஸ் வருமோ, வீட்டுக்குத் தெரியுமோ என்று பயந்து தாமதிக்கும் நேரம்தான் உயிரைக் குடிக்கிறது.

வீட்டுக்குத் தெரியுமோ என்ற பயத்தைச் சொன்னதும் சட்டம் வந்துவிடுகிறது. எந்த வயதில் குடிக்கலாம்? கர்நாடகத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் இருந்தன. கர்நாடக கலால் சட்டம், 1965, பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவருக்கு விற்கக் கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தின் கீழேயே 1967இல் வந்த உரிம விதிகள் இருபத்தொன்று என்கின்றன. தாய் ஒன்று சொல்ல, பிள்ளை வேறொன்று சொன்ன கதைதான். ஐம்பத்தைந்து ஆண்டுகள் இந்த முரண்பாடு யாரையும் உறுத்தவில்லை. 2023 ஜனவரியில் மாநில அரசு விதியிலிருந்த இருபத்தொன்றைப் பதினெட்டாக மாற்றும் வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்டது. சட்டத்தோடு விதியை ஒத்துப்போகச் செய்வதுதான் நோக்கம் என்று விளக்கமும் வந்தது. மதுவிலிருந்து அந்த நிதியாண்டில் ஏறத்தாழ 30,000 கோடி ரூபாய் வருமானம் ஈட்டிய மாநிலம் இது. ஆகவே விளக்கத்தை எல்லோரும் அப்படியே நம்பிவிடவில்லை. முந்தைய நவம்பரில்தான் பெங்களூரின் சில பள்ளிகளில் பிள்ளைகளின் பைகளைச் சோதித்தபோது சிகரெட், லைட்டர், தண்ணீர் பாட்டிலில் மது எல்லாம் கிடைத்ததாகச் செய்தி வந்து நகரமே பேசிக்கொண்டிருந்தது. எதிர்ப்பு கிளம்பியது. அதே மாதத்துக்குள் அரசு வரைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அரசியலமைப்பில் மது மாநிலப் பட்டியலில் இருப்பதால் நாடெங்கும் இந்த எண்கள் மாநிலத்துக்கு ஒரு தினுசு. கோவாவிலும் புதுச்சேரியிலும் 18. ஓசூர் சாலையில் அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாட்டில் 21. கேரளத்தில் 21ஐ 23ஆக உயர்த்தினார்கள். டெல்லியில் 25. மகாராஷ்டிரத்தில் பீருக்கு ஒரு வயது, விஸ்கிக்கு ஒரு வயது. கல்லீரலுக்கு மாநில எல்லை தெரியாது என்று கிண்டல் செய்யலாம். ஆனால் எந்த எண் சரி என்று கேட்டால், மூளை அறிவியல் நேரடியாகப் பதில் சொல்லாது. வயரிங் எந்தப் பிறந்தநாளிலும் முடிவதில்லை. முன்மூளை முதிரும்வரை காத்திருக்க வேண்டுமென்றால் 25 என்று டெல்லியைப் பின்பற்ற வேண்டும். அதே தர்க்கப்படி ஓட்டுரிமையையும் தள்ளிப்போட வேண்டிவரும்.

வேறு வழியில் கேட்டுப் பார்த்தார்கள். சீக்கிரம் தொடங்கியவர்கள் பிற்காலத்தில் என்ன ஆகிறார்கள்? அமெரிக்காவில் கிராண்ட், டாசன் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதில் மிகப் புகழ்பெற்றது. பதினைந்து வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாழ்க்கையில் ஏதோவொரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். இருபதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் அது பத்து சதவீதம் அளவில்தான் இருந்தது. இந்தியாவில் வடக்கு கோவா ஆண்களிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வும் பதின்ம வயதில் தொடங்கியவர்களிடம் பின்னாளில் அடிமைத்தனமும் காயங்களும் மன உளைச்சலும் அதிகம் என்றது. குடிப்பவர்களில் பதின்ம வயதிலேயே தொடங்கியவர்களின் பங்கு, 1956-60இல் பிறந்தவர்களிடம் 19.5 சதவீதம், 1981-85இல் பிறந்தவர்களிடம் 74.3 சதவீதம். எண்ணைப் பார்த்ததும் பதறிவிட வேண்டாம். இரண்டாவது கூட்டத்தினர் ஆய்வின்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். முப்பதில் தொடங்கப்போகிறவர்கள் அந்தக் கணக்கில் வர வழியே இல்லை. அதைக் கழித்தாலும் போக்கு எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பெரிய சந்தேகம் வேறு. சீக்கிரம் குடித்ததால் அடிமையானார்களா, அல்லது அடிமையாகும் சுபாவம் உள்ளவர்கள்தான் சீக்கிரம் குடிக்கத் தொடங்குகிறார்களா? 1999இல் வர்ஜீனியா இரட்டையர்களை ஆராய்ந்த பிரெஸ்காட்டும் கெண்ட்லரும் இரண்டாவது பக்கம் சாய்ந்தார்கள். நிமான்ஸின் போதை மருத்துவ மையத்தில் விவேக் பெனகல் குழுவினர் இன்னொரு முனையிலிருந்து இதையே தொட்டார்கள். இளம் வயதிலேயே குடிக்கு அடிமையான தகப்பன்மார்களின் மகன்களை, அவர்கள் ஒரு சொட்டுகூடக் குடிப்பதற்கு முன்பே, ஸ்கேன் எடுத்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, மற்றப் பையன்களோடு ஒப்பிட்டால் இவர்களுடைய மூளையின் சில பகுதிகளில், முன்மூளையின் பகுதியும் இதில் உண்டு, சாம்பல் பொருள் குறைவாக இருந்தது. துறுதுறுப்பும் அடங்காத்தனமும் எந்த அளவுக்கு இருந்ததோ அந்த அளவுக்குக் குறைவு. பிரேக் தேய்ந்த வண்டிகள் சில, ஷோரூமிலிருந்தே அப்படி வருகின்றன.

நிமான்ஸ் ஆய்வைப் படித்துவிட்டு 'அப்பன் புத்தி' என்று ஒரு பிள்ளையின் நெற்றியில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. சராசரியில் தெரியும் வித்தியாசம் தனிப் பிள்ளையின் ஜாதகம் ஆகாது. அந்தப் பிள்ளைகளில் பலர் குடியின் பக்கமே போவதில்லை.

காரணமா, உடன்வருவதா என்ற சிக்கலை அவிழ்க்க ஒரு வழி இருந்தது. வயது வரம்பை ஒரு நாடு திடீரென்று மாற்றினால், ஒரே இரவில் பிள்ளைகளின் மரபணுவோ வீடோ மாறிவிடாது. மாறுவது கடைவாசல் மட்டும். அமெரிக்க மாநிலங்கள் பல 1970களின் தொடக்கத்தில் வரம்பைக் குறைத்தன. இளைஞர்களின் சாலை விபத்துகள் கூடின. 1984இல் ஒன்றிய அரசு, 21ஆக உயர்த்தாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கை வெட்டுவோம் என்று சட்டம் போட்டது. 1988க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்தன. நியூசிலாந்து எதிர்த்திசையில் போனது. 1999இல் அங்கே வாங்கும் வயது 20இலிருந்து 18ஆகக் குறைந்தது. எதிர்பார்த்தபடி 18, 19 வயதினரின் விபத்துக் காயங்கள் கூடின. எதிர்பாராதது, 15 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் காயங்களும் கூடவே ஏறியதுதான். அவர்களுக்கு விற்க எந்தச் சட்டமும் அனுமதி கொடுக்கவில்லை. வாங்கிக் கொடுக்க ஆள் கிடைத்துவிட்டது, அவ்வளவே.

2023இல் கர்நாடகத்தில் இரு தரப்பும் கத்திய கத்தலில் இந்தச் செய்தி அடிபடவேயில்லை. பதினெட்டு வயதானவனுக்கு ஓட்டுப் போடத் தெரிகிறது, பீர் குடிக்கத் தெரியாதா என்று ஒரு பக்கம். பண்பாடு கெட்டுவிடும் என்று மறுபக்கம். பதினெட்டு வயதானவனைப் பற்றியே இரண்டு பேரும் பேசினார்கள். வயது வரம்பு என்ற எண் வேலை செய்வது அந்த வயதுக்காரன் மேல் மட்டுமில்லை. அவனோடு சுற்றுகிற, அவனைவிட இரண்டு மூன்று வயது சின்னவன் மேலும்தான். பெங்களூரில் இரண்டாம் ஆண்டு பி.யு., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கும் பிள்ளைகளுக்குப் பதினேழு பதினெட்டு வயது. வரம்பு 21 என்றால் சட்டப்படி வாங்கக்கூடியவன் பொறியியல் கல்லூரியின் கடைசி ஆண்டில் இருக்கிறான், பி.யு. பையனுக்கு அவன் எட்டாத சீனியர். வரம்பு 18 என்றால் வாங்கித் தரக்கூடியவன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். இடைவேளையில் அவனோடு சமோசா பங்குபோடுகிறான். அவனுடைய தம்பி பத்தாம் வகுப்பில் இருக்கிறான்.

அதனால் 21 எல்லாவற்றையும் தடுத்துவிடுகிறது என்று நான் வாதாட வரவில்லை. ஒளிந்து குடிப்பவன் அவசரமாகக் குடிப்பான். மேலே போட்ட கணக்கில் அவசரம் எவ்வளவு பெரிய காரணி என்று பார்த்தோம். அடையாள அட்டை கேட்காத கடைக்கு முன்னால் 18, 21, 25 மூன்றும் ஒன்றுதான். சிறார் நீதிச் சட்டம், 2015, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மருத்துவர் சொல்லாமல் மது கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. கிடாவெட்டு விருந்தில் 'ஆம்பளப் புள்ளடா நீ' என்று ஒரு மடக்கு ஊட்டிவிடும் தாய்மாமனும் இந்தப் பிரிவுக்குள் வருகிறார். அவரை யாரும் பிடித்துக்கொண்டு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நாடு முழுக்க எத்தனை பிள்ளைகள் குடிக்கிறார்கள்? 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு 10 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 1.3 சதவீதம் என்றது. நூற்றுக்கு ஒருவர் சொச்சம். அமெரிக்க, ஐரோப்பிய எண்களோடு வைத்தால் மிகச் சிறியது. வீடு வீடாகப் போய்க் கேட்கும் கணக்கெடுப்பில், அம்மா அடுப்படியில் நிற்கும்போது எந்தப் பிள்ளை ஆமாம் என்று சொல்லும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை கேட்டுவிட்டுப் போகாமல், அதே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தால்தான் எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று தெரியும். பெனகலும் பிரிட்டன் தரப்பு ஆய்வாளர் குண்டர் ஷூமனும் இந்திய-பிரிட்டிஷ் கூட்டுமுயற்சியாக அப்படியொரு ஆய்வைத் தொடங்கினார்கள். சி-வேதா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பெங்களூரு, மைசூரு, ரிஷிவேலி, கொல்கத்தா, சண்டிகர், இம்பால் என்று நாட்டின் பல மூலைகளிலிருந்து ஆறு முதல் இருபத்துமூன்று வயது வரையிலான சுமார் பத்தாயிரம் பேரைச் சேர்க்கும் திட்டம். சுபாவம், வீட்டுச் சூழல், ஊட்டம், அவர்கள் சுவாசிக்கும் காற்று எல்லாவற்றையும் குறித்துவைத்து, ஒரு பகுதியினருக்கு மூளை ஸ்கேனும் எடுத்தார்கள். ஆள் சேர்ப்பு 2016இல் தொடங்கியது. அப்போது ஆறு வயதில், பால்பல் விழுந்த வாயோடு ஸ்கேன் எந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழகிய குழந்தைகளுக்கு இப்போது பதினாறு வயது ஆகிக்கொண்டிருக்கிறது.